'குணமாகாது' என்றால் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று அர்த்தமா?

"பரவிடுச்சு, இனிமே குணமாகாதுன்னு சொல்லிட்டாங்க." இந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் வந்ததும் கூடவே நாலு கேள்வியும் வந்துவிடும். எத்தனை மாசம்னு சொன்னாங்க? டாக்டர் கைவிட்டுட்டாரா? அப்புறம் எதுக்கு இன்னும் கீமோ? பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாமே? கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு தவறான புரிதல் இருக்கிறது: குணமாகாத புற்றுநோய் என்றால் மருத்துவம் முடிந்துவிட்டது என்பது.

முடிவதில்லை. பலருக்கு மருத்துவமனையோடு உள்ள நீண்ட உறவே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பரவிய புற்றுநோய் வந்தது என் அத்தைக்கு. அவரும் மாமாவும் அப்படி மூன்று வருடத்துக்கும் மேல் போய்வந்தார்கள், ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போனேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்தெந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு நாங்கள் தேவையில்லாமல் அழுதோமோ, பயந்தோமோ, வீட்டுக்குள் சண்டை போட்டோமோ, அந்தச் சொற்களையாவது ஒவ்வொன்றாக எடுத்து விளக்கிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## குணப்படுத்துவது வேறு, சிகிச்சை வேறு

சர்க்கரை வியாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. ரத்த அழுத்தமும் அப்படித்தான், ஒருமுறை மருந்து சாப்பிட்டு ஒரேயடியாகத் தீர்த்துக்கட்ட முடியாது. ஆனால் சர்க்கரை வந்தவரைப் பார்த்து "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரும் சொல்வதில்லை. மருந்து கொடுக்கிறார்கள், அளவு பார்க்கிறார்கள், மருந்தை மாற்றுகிறார்கள், காலையும் கண்ணையும் பரிசோதிக்கிறார்கள். குணமாகாத ஒன்றோடு வருடக்கணக்கில் சிகிச்சை நடப்பது நமக்குப் பழகிய விஷயம்தான். புற்றுநோய் என்ற பெயர் வந்ததும் அது மறந்துபோகிறது.

இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்கவும் கூடாது. சர்க்கரையைப் போல இதை எல்லாருக்கும் பல வருடம் கட்டுப்படுத்த முடியும் என்று சொன்னால் அது பொய். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்குப் பல வருடங்கள். எந்த உறுப்பில் தொடங்கியது, எந்த வகை, உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். சில வகைகளில் நிலைமை தலைகீழாகவே மாறியிருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறவர்கள் நிறைய.

ஆக, புற்றுநோய் சிகிச்சைக்கு மூன்று நோக்கங்கள் இருக்கலாம். நோயை முழுசாக அகற்றுவது ஒன்று. வளரவிடாமல் பிடித்துவைப்பது இன்னொன்று. அது தரும் தொல்லைகளைக் குறைப்பது மூன்றாவது. 'குணமாகாது' என்றால் முதல் நோக்கம் இப்போது கைக்கு எட்டவில்லை என்று மட்டுமே பொருள்.

## ஏன் முழுசாக எடுக்க முடிவதில்லை?

"கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா முடிஞ்சதே" என்று மாமா முதல் வாரத்தில் எல்லா டாக்டரிடமும் கேட்டார். நியாயமான கேள்வி.

தோட்டத்தில் ஒரு களைச்செடி ஒரே மூலையில் இருந்தால் வேரோடு பிடுங்கிவிடலாம். அதே செடி விதை விட்டு, அந்த விதைகள் காற்றில் தோட்டம் முழுக்க விழுந்துவிட்டால்? கண்ணுக்குத் தெரிந்து முளைத்தவற்றைப் பிடுங்கலாம், மண்ணுக்குள் இருப்பதை எப்படிப் பிடுங்குவது? புற்றுநோய் செல்கள் தொடங்கிய இடத்திலிருந்து பிரிந்து, ரத்தம் அல்லது நிணநீர் வழியாக வேறு உறுப்புக்குப் போய் அங்கே வளர்வதற்கு மெட்டாஸ்டேசிஸ் என்று பெயர். ரிப்போர்ட்டில் 'மெட்ஸ்' என்று சுருக்கிச் சொல்வதும் இதைத்தான். ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள்ளேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். சில ஆயிரம் செல்கள் மட்டும் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த ஸ்கேனிலும் அது தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் "இப்ப எலும்புலயும் கேன்சர் வந்துடுச்சு" என்று இரண்டாவது நோய் போலச் சொல்கிறோம். அது எலும்பில் குடியேறிய மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கேற்றதுதான்.

பரவியிருந்தால் உடம்பு முழுக்கப் போகும் மருந்து தேவை. கீமோ, ஹார்மோன் மருந்து, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எல்லாம் அந்த வகை. அப்புறம் ஏன் அவையும் ஒரு கட்டத்தில் வேலை செய்யாமல் போகின்றன? மறுபடியும் களைக்கே வருவோம். களைக்கொல்லி அடித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்துப்போகும். பிழைத்த ஒன்று, அந்த மருந்தைத் தாங்கும் தன்மை இயல்பிலேயே கொண்டது. அடுத்து அதுதான் விதை விடும், முளைப்பதெல்லாம் அதே தன்மையோடு முளைக்கும். புற்றுநோய் செல்களும் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை, மருந்தைத் தாங்குபவை தங்கி வளர்கின்றன. இதுதான் மருந்து எதிர்ப்பு. அப்போது டாக்டர் வேறு மருந்துக்கு மாறுவார், அதைத்தான் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை சிகிச்சை என்கிறார்கள். நோயாளி சாப்பாட்டில் செய்த தப்பாலோ, மனசு விட்டதாலோ மருந்து பலிக்காமல் போகவில்லை. அத்தை அப்படித்தான் நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

பரவினாலே குணமாகாது என்றும் இல்லை. ஆண்களின் விரைப் புற்றுநோயும் (டெஸ்டிகுலர் கேன்சர்) சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களும் பரவிய பிறகும் குணமாகின்றன. அதனால் ஊரில் யாருக்கோ நடந்ததை வைத்து உங்கள் வீட்டு நோயைக் கணக்குப் போடாதீர்கள்.

## 'ஸ்டேபிள்' என்றால் என்ன?

நாலாவது கீமோ முடிந்து ஸ்கேன் எடுத்திருந்தோம். ரிப்போர்ட்டை வாங்கிய மாமா, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவரைப் பிரித்து, வராந்தா ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் 'ஸ்டேபிள் டிசீஸ்' என்று இருந்தது. கட்டி சின்னதாகியிருக்கிறது என்று ஒரு இடத்திலும் இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார், கை நடுங்கியது. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல ரிசல்ட்" என்றார்.

கட்டிகளை அளப்பதற்கு ஒரு பொதுவான முறை இருக்கிறது. குறிப்பிட்ட சில கட்டிகளின் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டுத்தொகை தொடக்கத்தில் இருந்ததைவிட 30 சதவீதமாவது குறைந்தால் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்', அதாவது ஓரளவு சுருக்கம். மிகக் குறைவாக இருந்த அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடினால், அல்லது புதிதாக ஒரு கட்டி வந்தால், 'ப்ரோக்ரெஷன்', நோய் முன்னேறுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 'ஸ்டேபிள்'. வளர்ந்துகொண்டே போகிற ஒன்று அப்படியே நிற்கிறது என்றால் மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். குணப்படுத்துவதே குறி என்றால் ஸ்டேபிள் ஏமாற்றம்தான். கட்டுப்படுத்துவது குறி என்றால் அதுதான் வெற்றி. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் மாமா அந்த அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

## 'எத்தனை மாதம்?'

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு எண்தான் பதிலாக வருகிறது, அந்த எண் வீட்டுக்கு வந்ததும் தேதியாகிவிடுகிறது. "ஒரு வருஷம்னு சொல்லிட்டாங்க" என்கிறோம். டாக்டர் சொன்னது அநேகமாக மீடியன், தமிழில் இடைநிலை அளவு. நூறு பேரைக் குறைவாக வாழ்ந்தவரிலிருந்து அதிகம் வாழ்ந்தவர் வரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. பாதிப் பேர் அதைவிடக் குறைவு, பாதிப் பேர் அதைவிட அதிகம். அதிகம் என்பதில் எவ்வளவு அதிகம் என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய்க்கு அப்போது மீடியன் 8 மாதம். அவர் இறந்தது 2002-இல், அதுவும் வேறொரு புற்றுநோயால். எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் நடு எண்ணுக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டாக்டர்களின் கணிப்பு பல நேரம் அதிக நம்பிக்கையாக இருக்கிறது. கடைசிக் கட்டப் பராமரிப்பில் சேர்ந்த 468 பேரைப் பற்றி டாக்டர்கள் கணித்ததை நிஜத்தோடு ஒப்பிட்டு 2000-இல் வந்த ஓர் ஆய்வில், ஓரளவு சரியாக இருந்தவை 20 சதவீதம்தான். 63 சதவீதக் கணிப்புகள் நிஜத்தைவிடக் கூடுதலாக இருந்தன. ஆகவே ஒற்றை எண்ணைக் கேட்பதைவிட, "எங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நன்றாகப் போனால் எவ்வளவு, சாதாரணமாக எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு?" என்று கேளுங்கள். வருடங்களா, மாதங்களா, வாரங்களா என்று தெரிந்தாலே பல முடிவுகளை எடுத்துவிடலாம்.

இதோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இந்தச் சிகிச்சை எதற்காக?" சின்னக் கேள்வி, கேட்காமலே விட்டுவிடுகிறோம். பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்குக் கீமோ எடுத்த 1,193 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. அந்தக் கீமோ நோயைக் குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்பதை நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேரும் பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேரும் புரிந்துகொண்டிருக்கவில்லை. நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று வீட்டார் மறைப்பதும் நடக்கிறது, அன்பினால்தான். ஆனால் நோயாளிக்கு உடம்பே சொல்லிவிடும். சுற்றியிருப்பவர்கள் நடிப்பதால் தானும் நடிக்க வேண்டிய பாரம்தான் அவருக்குக் கூடுகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேட்டுவிடுவது மேல்.

சுருக்கமாக: ரிப்போர்ட்டில் வரும் சொல்லைச் சிகிச்சையின் நோக்கத்தோடு சேர்த்துப் படியுங்கள், மீடியன் எண்ணைத் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## பேலியேட்டிவ் கேர்: அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் சொல்

பல் வலிக்கிறது. பல் டாக்டரிடம் நாளைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. இன்று இரவு வலி மாத்திரை போடுவீர்களா, மாட்டீர்களா? போடுவீர்கள். "டாக்டர் பல்லைக் கைவிட்ட பிறகுதான் வலி மாத்திரை" என்று யாரும் காத்திருப்பதில்லை. பேலியேட்டிவ் கேர் விஷயத்தில் அப்படித்தான் காத்திருக்கிறோம்.

தமிழில் இதை நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறார்கள். கடுமையான நோயோடு இருப்பவரின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம், குடும்பத்தின் தவிப்பு எல்லாவற்றையும் ஒரு குழுவாகச் சேர்ந்து தணிப்பது அது. கீமோ நடக்கும்போதே கூடவே நடக்கலாம், நடக்க வேண்டும். கடைசி மாதங்களில் நோயை எதிர்க்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பராமரிப்பில் மட்டும் கவனம் வைப்பது ஹாஸ்பிஸ். அது பேலியேட்டிவ் கேரின் ஒரு பகுதிதான், முழுசும் அதுவல்ல.

இந்தத் துறைக்கு வழிவகுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் உறவுகளிலும் "எனக்கு ஏன்" என்ற கேள்வியிலும் அது இருக்கிறது என்று அவர் பார்த்தார். அதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார். இடுப்பு வலிக்கு மாத்திரை எவ்வளவு கூட்டியும் அத்தைக்கு இரவில் தூக்கம் வரவில்லை. பேலியேட்டிவ் நர்ஸ் ஒருநாள் உட்கார்ந்து பேசியபோதுதான் கடைசிப் பெண்ணின் படிப்பு என்ன ஆகுமோ என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மாமா அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய வாரத்தில் வலி மறையவில்லை. ஆனால் தூங்கினார்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையையே திரும்பிப் பார்க்க வைத்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர். இரண்டாவது குழுவினர் மனச்சோர்வு குறைந்து, மேலான வாழ்க்கைத் தரத்தோடு இருந்தார்கள். வாழ்ந்த காலத்தின் மீடியனும் அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். கடைசி நாட்களில் தீவிர சிகிச்சையை அவர்கள் குறைவாக எடுத்துக்கொண்டும் இப்படி. இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பேலியேட்டிவ் கேர் தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது.

"உங்களைப் பேலியேட்டிவ் டீமுக்கு அனுப்புகிறேன்" என்றால் கைகழுவுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

## மார்ஃபின் பயம்

மார்ஃபின் என்றதும் இரண்டு பயம்: அடிமையாகிவிடுவோம், உயிரைக் குறைத்துவிடும். வலிக்காக டாக்டர் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் போதையைத் தேடி ஓடுவது வேறு. பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு வழிமுறை வகுத்தது. அதில் முக்கியமான ஒன்று, நேரத்துக்கு மருந்து. தொட்டி காலியான பிறகு மோட்டார் போட்டால் குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்க வேண்டும். மட்டம் இறங்கும்போதே போட்டால் தடையில்லை. வலி உச்சத்துக்குப் போன பிறகு அடக்க அதிக மருந்தும் அதிக நேரமும் ஆகும். முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது, அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

## சாப்பிடாத தட்டு

எங்கள் வீட்டில் அதிகம் கண்ணீர் விட்டது இதற்காகத்தான். மாமா தட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், "ரெண்டு வாய் போதும், எனக்காக" என்பார். அத்தை ஒரு வாய் வாங்கி, கன்னத்திலேயே வைத்துக்கொண்டு, அவர் எழுந்துபோனதும் துணியில் துப்பிவிடுவார். அவர் மனம் நோகக்கூடாதாம்.

முற்றிய புற்றுநோயில் உடம்பு மெலிவது பட்டினியால் மெலிவது போன்றதல்ல. கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பும் வெளிவிடும் சில பொருட்கள் பசியை அணைக்கின்றன, தசையைக் கரைக்கின்றன. இதற்குக் கேக்கெக்சியா என்று பெயர். வற்புறுத்தி ஊட்டுவதால் இழந்த தசை திரும்ப வராது. வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல் போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிட்டு, பிடித்ததைப் பிடித்த நேரத்தில் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அதை நர்ஸ் விளக்கிய அன்று மாமா தட்டை ஓரமாக வைத்துவிட்டு அத்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தக் கட்டிலில் சண்டை இல்லை.

## கூட இருப்பவர்

மருத்துவமனையில் ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்க்கும். கீமோ டாக்டர் ஒருவர், கதிர்வீச்சு டாக்டர் ஒருவர், வலிக்கு ஒருவர். முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் மனைவியோ கணவனோ மகளோதான். எந்தப் பயிற்சியும் இல்லாமல் மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இரவு இரண்டு மணிக்கு இது அவசரமா இல்லையா என்று முடிவெடுப்பது எல்லாம் அவர் தலையில். பாராட்டு கிடைக்கும். உதவிதான் கிடைக்காது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எப்போது, வலி பத்துக்கு எத்தனை, புதிதாக என்ன தொல்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். சின்ன வேலையாகத் தெரியலாம். பரவிய புற்றுநோயோடு இருந்த 766 பேரை வைத்து நடந்து, 2017-இல் முடிவு வந்த ஆய்வில், தொல்லைகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து தெரிவித்து, மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும்படி இருந்தவர்களின் மீடியன் வாழ்நாள் 31.2 மாதம். வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 26. தொல்லை சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் கவனிக்கலாம், அவ்வளவுதான் அதன் ரகசியம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே கூப்பிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். முதுகுவலியோடு கால் புதிதாகத் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ அதுவும் அவசரம்தான். தண்டுவடம் அழுந்துகிறதோ என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

பராமரிப்பவரின் தூக்கமும் முதுகுவலியும்கூடப் பேலியேட்டிவ் குழு கேட்க வேண்டிய விஷயங்கள்தான். ஆள் இருக்கும்போதே இழந்ததுபோல வரும் துக்கத்துக்கு முன்துயர் என்று பெயர். நடு இரவில் அப்படி அழுதால் அவர் சாவை நீங்கள் விரும்புகிறீர்கள் என்று ஆகாது. ஒரு நாளாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள நீங்கள் படுத்துத் தூங்குவதும் துரோகம் ஆகாது.

நோயாளி இறந்த பிறகு குடும்பத்தின் துக்கத்துக்குத் துணை நிற்பதும் இந்தப் பராமரிப்பில் சேர்ந்ததுதான், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலேயே அது இருக்கிறது. அத்தை போய் மூன்று வாரம் கழித்து அந்த நர்ஸ் போன் செய்தார். "தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா?" என்று மாமாவைக் கேட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்று சொன்ன மாமா, போனை வைக்காமல் முக்கால் மணி நேரம் பேசினார்.